வெள்ளிக்கிழமைக் கரப்பு

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஊர் மாறுவது ஆண்பிள்ளை. பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். அந்த வீடும் பெரும்பாலும் அவள் பேருக்கே எழுதப்பட்டிருக்கும். மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு வந்து சேருவார். வேறு ஊர்களில் மணப்பெண்கள் அழுதுகொண்டே தாய்வீட்டுப் படியிறங்குவார்கள் என்று நான் பின்னாளில் கதைகளில் படித்து வியந்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஆண்கள் படியிறங்கினார்கள். அழுகிற வழக்கம் மட்டும் இருக்கவில்லை.

என் வாப்பா வரிப்பத்தான்சேனையில் பிறந்து, உம்மாவை முடித்துக் கல்முனைக்கு வந்தவர். உம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கல்முனையில் பிறந்து, கலியாணம் முடித்துச் சம்மாந்துறைக்குப் போனவர். ஆகவே கல்முனைச் சதுரங்கக் குழுவில் ஆகக் கெட்டிக்காரருக்குரிய முதற் பலகையில் விளையாடியவர் வரிப்பத்தான்சேனைக்காரர். சம்மாந்துறைக் குழுவின் முதற் பலகையில் விளையாடியவர் கல்முனைக்காரர். இதில் விசித்திரம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு ஊருக்கும் வருடத்துக்கு ஒரு போட்டி நடக்கும். இடையில் இருக்கிற ஊர் என்பதால் காரைதீவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை அதற்காகக் கேட்டு எடுப்பார்கள். அவ்வூர் மாஸ்டர் ஒருவர்தான் எப்போதும் நடுவர். விளையாடியவர்கள் பெரிய சூரர்கள் அல்லர். கடைக்காரர், குமாஸ்தா, வாத்தியார், வயல்காரர் என்று மாலையில் வாசிகசாலையில் கூடுகிறவர்கள்தான். ஆனாலும் தோற்றவர்கள் ஊர் திரும்பும்போது சந்தை வழியாக வரமாட்டார்கள். எங்களவர் கடற்கரைப் பாதையாலும் சம்மாந்துறையார் வயற்பாதையாலும் சுற்றிக்கொண்டு வருவார்கள்.

அந்த வருடம் மாமா புது மாப்பிள்ளை. அவருடைய மாமனார்தான் சம்மாந்துறைக் குழுவின் தலைவர். அதுவரை முதற் பலகையில் விளையாடி வந்த தன் சகோதரியின் மகனை இரண்டாம் பலகைக்கு இறக்கிவிட்டு, புது மருமகனை அவர் முதலாவதாக வைத்தார். அந்தச் சகோதரி மகனுக்கு வேறொரு மனக்குறையும் இருந்தது. மாமா முடித்த பெண் அவருக்கு முறைப்பெண். அவளைத் தனக்குத்தான் கேட்பார்கள் என்று அவர் காத்திருந்தவர். இதையெல்லாம் உம்மா அடுத்த வீட்டுப் பெண்ணோடு வேலியடியில் கதைத்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே மாமா காரைதீவில் வென்றாக வேண்டும். தோற்றால் ஒரு ஊர் முழுக்க அவரைப் பார்க்கிற பார்வை மாறும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மாமா சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார். "மச்சான்ட ஆட்டத்த உளவு பாத்திட்டு வாறன்" என்று மனைவி வீட்டில் சொல்லிவிட்டு வருவாராம். அங்கே அதில் எல்லாருக்கும் பெரிய சந்தோசம். மாமியார் ஒரு தயிர்ச்சட்டியைக் கட்டிக் கொடுத்தே அனுப்புவார். ஆனால் வாப்பா நெல் வியாபாரம் செய்தவர். வெள்ளிக்கிழமைப் பகலில் பிறந்த ஊருக்கு வயல் பார்க்கப் போய்விடுவார். ஆள் இல்லாத வீட்டில் மாமா யாரை உளவு பார்க்கிறார் என்ற கேள்வி என் மண்டையில் ஏறவே இல்லை. உளவு பார்க்கத்தான் நான் இருக்கிறேனே என்று நினைத்தேன். வாப்பாவின் ஆட்டங்கள் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

"மருமகன், பலகையக் கொண்டுவா. ஒண்ட வாப்பாட கோழியக் கரப்புல அமத்துவம்" என்று மாமா சத்தமிடுவார்.

கரப்பு என்பது கோழியை மூடிவைக்கிற மூங்கில் கூடை. நாலு நெல்லை எறிந்து, கோழி கொத்த வருகிற நேரத்தில் கூடையை மேலே கவிழ்த்துவிட வேண்டும். மாமா அந்தப் பெயரைத் தன்னுடைய தொடக்க ஆட்டத்துக்கு வைத்திருந்தார். எந்த இங்கிலீசுப் புத்தகத்தில் பார்த்தாரோ, தெரியாது.

சதுரங்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் தன் ராஜாவின் சிப்பாயை முன்னே தள்ளுவார். கறுப்புக்காரரும் அப்படியே செய்வார். வெள்ளையின் குதிரை வந்து கறுப்புச் சிப்பாயை மிரட்டும். கறுப்புக் குதிரை வந்து அதைக் காக்கும். வெள்ளையின் மந்திரி, அதாவது பிஷப், வெளியே வரும். வாப்பாவுக்கு இதைத் தவிர வேறு தொடக்கம் தெரியாது. இந்த இடத்தில் கறுப்பு விளையாடும் மாமா, காவலுக்கு நின்ற குதிரையை எடுத்துப் பலகையின் நடுவில் குதிக்க வைப்பார். பார்த்தால் பிழையான நகர்வு. சிப்பாய் காவல் இல்லாமல் கிடக்கும். அதுதான் எறிந்த நெல். வெள்ளைக் குதிரை ஆசைப்பட்டு அதைக் கொத்தினால் கறுப்பு ராணி பாய்ந்து வரும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்தான். வெள்ளை ராஜா தன்னுடைய ஆட்களுக்கு நடுவிலேயே அசைய இடமில்லாமல் நிற்க, நடுவில் இருந்த அந்தக் குதிரை வந்து கதையை முடித்துவிடும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. இரண்டாம் வெள்ளியும் அதையே விளையாடினோம். மூன்றாம் வெள்ளியும் அதேதான். நான் வாப்பாவாக வெள்ளையில் இருப்பேன். சிப்பாயை எடுப்பேன். கரப்புக்குள் சாவேன். மாமா தொடையில் தட்டிச் சிரிப்பார்.

"மாமா, எடுக்காட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆரு, ஒண்ட வாப்பாவா? றோட்டுல சிந்தின நெல்லையும் கூட்டி அள்ளுற மனிசன். எடுக்காம விடுவாரா?"

"சும்மா சொல்லுங்களன். எடுக்காட்டி என்ன செய்வீங்க?"

"எடுக்காட்டி அப்ப பாப்பம்" என்றார் மாமா. பிறகு குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மாவின் பக்கம் திரும்பினார். "ராத்தா, மீன் பொரியிற மணம் இஞ்ச மட்டும் வருது. கருக விட்டிராதீங்க."

அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. பலகையை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பூட்டைப் பாதி திறந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஒரு வெள்ளி வாப்பா வழக்கத்தை விட நேரத்தோடு வந்துவிட்டார். மாமா விறாந்தைச் சிமெந்துத் தரையில், தலைக்குக் கையை வைத்துப் படுத்துக் கிடந்தார். வாப்பாவைக் கண்டதும் எழும்பிச் சாரனைச் சரிசெய்தார்.

"என்ன மச்சான், உளவு வேலை முடிஞ்சா?" என்றார் வாப்பா.

"முடிஞ்சு மச்சான். ஒங்கட ஆட்டம் முழுக்க இஞ்ச இரிக்கி" என்று மாமா தன் மடியைத் தட்டிக் காட்டினார்.

"நல்லா மெலிஞ்சிட்டீங்க. சம்மாந்துறைச் சோறு ஒத்துவரல்லயோ?"

"தோக்கப் போறவருக்கு என்ட ஒடம்பப் பத்தி ஏன் கவல?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா பின்வாசலால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

என் கேள்வி என்னை விடவில்லை. எடுக்காவிட்டால்? பள்ளிக்கூடத்திலும் கடற்கரையிலும் அதையே யோசித்தேன். கடைசியில் ஒருநாள் தனியே பலகையை வைத்துக்கொண்டு இருந்தபோது விடை கிடைத்தது. எறிந்த நெல்லைத் தொடாமல், நடுவில் வந்த கறுப்புக் குதிரையையே நம்முடைய குதிரையால் வெட்டவேண்டும். கறுப்புச் சிப்பாய் ஒன்று நம்முடைய குதிரையைத் திருப்பி வெட்டி நடுவில் வந்து நிற்கும். நாம் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்ததும், அந்தச் சிப்பாயைக் காப்பாற்றக் கறுப்புக்காரர் தன் மந்திரியை வெளியே கொண்டுவருவார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார் என்று எனக்குப் பட்டது. அந்த நேரத்தில் நம்முடைய மந்திரியைக் கறுப்பு ராஜாவின் காலடியில் தூக்கிப் போடவேண்டும். ராஜா அதை வெட்டும். உடனே நம்முடைய ராணி பலகையின் ஓரத்துக்குப் போய் ராஜாவுக்குச் 'செக்' சொல்லும். அதே வரிசையில் அந்தக் கறுப்பு மந்திரி காவலில்லாமல் நிற்கும். ராஜா தப்பியதும் ராணி மந்திரியைத் தூக்கிவிடும். நெல்லை எறிந்தவரே கரப்புக்குள்!

நான் அங்கேயே எழும்பிக் குதித்தேன். இப்போது நினைக்கும்போது, அந்தச் சந்தோசத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அடுத்து நான் செய்ததற்கு அது சமாதானம் ஆகாது.

மாமாவிடம் காட்டியிருக்கவேண்டும். அடுத்த வெள்ளி வரும்வரை பொறுத்திருந்தால் போதும். எனக்கோ அது பழகும் ஆட்டத்தில் வீணாகிவிடக்கூடாது என்றிருந்தது. காரைதீவு மண்டபத்தில், எல்லாரும் சுற்றி நிற்க, உண்மையான ஆட்டத்தில் அந்த மந்திரி விழுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அப்போது மாமாவின் முகம் எப்படி இருக்கும் என்று அறிய வேண்டும். அந்த ஆவல் ஒரு பசி மாதிரி இருந்தது.

வாப்பாவின் கடையில், பகலில் ஆள் வராத நேரத்தில், நெல் மூட்டை மேல் பலகையை விரித்தேன். நான் கறுப்பு. வாப்பா நெல்லைக் கொத்தினார், கரப்புக்குள் செத்தார். ராஜா நின்ற கட்டத்தைச் சுற்றி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஆருடா இதக் காட்டின?"

"நானே கண்டுபுடிச்ச."

அது பொய். அதற்கான விடையைத்தான் நான் கண்டுபிடித்திருந்தேன். அதையும் காட்டினேன். வாப்பா திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ்பழம் எடுப்பித்துத் தந்தார். வேறெதுவும் கேட்கவில்லை. அவர் எவ்வளவை ஊகித்தார் என்று அவர் மௌத்தாகும்வரை நானும் கேட்கவில்லை.

போட்டி நாளில் மாமா வெள்ளைச் சேட்டு அணிந்து மாமனாருக்குப் பக்கத்தில் வந்திருந்தார். கறுப்பு அவருக்குத்தான் என்பது முதலே முடிவாகியிருந்தது. நான் வாப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

சிப்பாய், சிப்பாய். குதிரை, குதிரை. மந்திரி வந்தது. மாமா நிதானமாகத் தன் குதிரையைத் தூக்கிப் பலகை நடுவில் வைத்தார். சம்மாந்துறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாப்பாவின் கை அந்தச் சிப்பாய்க்கு மேலே போய் நின்றது. மாமாவின் உதட்டோரத்தில் சிரிப்பு அரும்பியது. வாப்பாவின் கை விலகி, சிப்பாயை விட்டுவிட்டுக் குதிரையை வெட்டியது.

மாமா மூக்கைத் தடவினார். சிப்பாயால் திருப்பி வெட்டினார். வாப்பா தன் ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார். மாமா யோசித்தார். பிறகு நான் நினைத்தபடியே மந்திரியைக் கொண்டுவந்தார்.

வாப்பா தன் மந்திரியைத் தூக்கி, ராஜாவுக்கு முன்னால் போட்டார்.

"அட!" என்றார் நடுவராக இருந்த மாஸ்டர். நடுவர் வாய் திறக்கக்கூடாது என்பது நினைவு வந்து கையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது மாமா தலையை நிமிர்த்தினார். அவர் பார்த்தது வாப்பாவை அல்ல. வாப்பாவின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்திருந்த அந்த முகம் அதுதான். அதில் கோபம் இல்லை. கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, லேசாகத் தலையசைத்தார். என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

அதன்பிறகு மாமா நெடுநேரம் போராடினார். அஸர் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வந்தும் ஆட்டம் நடந்தது. கடைசியில் தன் ராஜாவைப் பலகையில் மெல்லச் சாய்த்து வைத்தார்.

"நல்ல ஆட்டம் மச்சான்" என்று வாப்பா கை கொடுத்தார்.

மண்டப வாசலில் அந்தச் சகோதரி மகன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "கல்முனையான் கல்முனைக்குத்தானே விளையாடுவான். வெள்ளிக்கு வெள்ளி ஓடினது இதுக்குத்தான். உளவு பாக்கப் போனாராம் உளவு! நம்மட ஆட்டத்தக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்திரிக்கார்."

மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாமனாருக்குப் பின்னால் போனார்.

சில நாட்களுக்குப் பிறகு அந்த மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவும் கூட வந்தார். முன்வாசலால் வந்து கதிரையில் இருந்தார். அன்றுவரை எங்கள் வீட்டுக் கதிரையில் மாமா இருந்ததை நான் கண்டதில்லை. மாமனார் கண்ணியமான மனிதர். உம்மா அனுப்பிய தேத்தண்ணியைக் குடித்தார், விளைச்சலைப் பற்றி வாப்பாவிடம் விசாரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"மகன், பொய் சொல்லப்படாது. ஒண்ட மாமா அண்டைக்கு விளையாடின ஆட்டம் வாப்பாவுக்கு முதலே தெரியுமா?"

"ஓம்" என்றேன். பொய் சொல்லவில்லை.

"ஆரு காட்டின?"

நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லைச் சொன்னால் வாப்பாவின் வெற்றி என்னவாகும், கடையில் சொன்ன பொய் என்னவாகும், எனக்கு என்ன கிடைக்கும் என்றெல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. வாய் மூடிக்கொண்டது.

"சின்னப் புள்ளைட்ட என்னத்தக் கேக்கிற, மாமா" என்றார் மாமா தன் மாமனாரிடம். "இந்த வீட்டுல வெச்சித்தான் நான் பழகின. ஆராவது பாத்திரிப்பாங்க. பிழை என்னுலதான்."

நான் தப்பிவிட்டேன் என்பது மட்டும்தான் அப்போது விளங்கியது. மாமனார் மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினார்.

அடுத்த வெள்ளி மாமா வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. உம்மா மீனைப் பொரித்து மூடிவைத்துவிட்டுப் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வருடப் போட்டியில் அவருக்குப் பலகை கிடைக்கவில்லை. அவர் கேட்டதாகவும் தெரியவில்லை. பெருநாளைக்குப் பெருநாள் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்து, கதிரையில் இருந்து, பலகாரம் தின்றுவிட்டுப் போவார். கல்முனைப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்ற பேர் மறுபடியும் வராமல் அவர் கடைசிவரை கவனமாக இருந்தார். எனக்கு வயதாக வயதாக, போய்ச் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். ஒவ்வொரு முறையும், இவ்வளவு காலம் கடந்தபின் என்ன என்று தள்ளிப்போட்டேன். மாமனார் மௌத்தானார். பிறகு மாமாவும் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகையில் முதல் வரிசையில் நின்றேன். அதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய இயலவில்லை.

நானும் வழக்கப்படி ஊர் மாறியவன்தான். அக்கரைப்பற்றில் என் மனைவியின் வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். போன கிழமை என் பேத்தி, நான் நகர்வுகளைச் சொல்லச் சொல்ல, இந்த ஆட்டத்தைத் தன் கைபேசியில் வைத்துப் பார்த்தாள். பாடசாலைக் குழுவில் விளையாடுகிறவள்; பாட்டனான என்னை எங்கள் பக்க வழக்கப்படி 'அப்பா' என்று கூப்பிடுகிறவள். மாமாவின் கதையை அவளுக்குத்தான் முதன்முதலாக முழுவதும் சொன்னேன். என் பங்கையும் மறைக்கவில்லை. அவளுக்கு அதைவிட ஆட்டம்தான் முக்கியமாகப் பட்டது.

"அப்பா, இஞ்ச பாருங்க. அந்த மந்திரிய வெளியில எடுக்காம, ராணிக்கு முன்னுக்கு நிக்கிற சிப்பாய ஒரு கட்டம் தள்ளியிருந்தா ஒண்டும் ஆகியிருக்காது. சாதாரண நகர்வு. எல்லாருக்கும் தெரியும்."

"ஓம் மகள்."

"ஒருநாள் ஒக்காந்து பாத்திருந்தாலே புடிபட்டிருக்கும். வெள்ளிக்கு வெள்ளி வந்தாரே, அவ்வளவு நாளும் ஒங்கட வீட்டுல என்னத்தப் பழகினார்?"

பின்வாசலால் சைக்கிளை உள்ளே எடுத்து, செருப்பைக் கழற்றி எறிந்து, முதலில் கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி அள்ளிக் காலிலும் தலையிலும் ஊற்றுகிற மாமா நினைவுக்கு வந்தார். அது அவர் பிறந்த வீடு. உம்மாவுக்கு எழுதப்பட்ட வீடு. வாப்பா இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். சட்டியோடு மீனை எடுத்துவைத்துக்கொண்டு, குசினி நிலத்தில் சம்மணமிட்டு, யாரும் பரிமாறாமல் தானே போட்டுத் தின்பார். புது மாப்பிள்ளை சோறு தின்பதை ஒரு வீடே சுற்றி நின்று பார்க்கும் என்பதை நான் அக்கரைப்பற்றுக்கு வந்த முதல் மாதத்தில்தான் அறிந்தேன். தின்று முடிந்ததும் விறாந்தைச் சிமெந்தில் வெறும் மேலோடு மல்லாந்து கிடப்பார். பலகை பக்கத்தில் விரித்தபடியே இருக்கும்.

பேத்தி இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு தின்ன வந்தார்" என்றேன்.

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.